முப்பத்தொன்றாவது பெயர்

எனக்குக் கோபம் வரும். இது எங்கள் கேன்டீனில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாம்பார் வாளியைக் கவிழ்த்த ஆளை நான் கரண்டியோடு துரத்தியதை மைன்ஸில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அடித்தேன் என்று ஒரு கூட்டம், அடிக்கவில்லை என்று ஒரு கூட்டம். அடிக்கவில்லை. அவன் வேகமாக ஓடிவிட்டான், அவ்வளவுதான்.

என் பெயர் சரிதா. நெய்வேலியில் ஒரு மைன்ஸ் கேன்டீனில் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்டில் இட்லி ஊற்றுகிறேன். முதல் ஷிப்ட் ஆட்கள் சாப்பிட வருவதற்குள் ஆயிரத்து இருநூறு இட்லி வெந்திருக்க வேண்டும். அதற்கு நான் மூன்று மணிக்கு அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இந்தப் பதினோரு வருஷத்தில் சூரியன் எனக்கு முன்னால் எழுந்த வேலைநாள் ஒன்றுகூடக் கிடையாது.

கேன்டீனில் எனக்கு மூன்று கூட்டாளிகள். உமாராணி என்னைவிட இரண்டு வயது பெரியவள், கூப்பன் கவுண்டரில் உட்காருகிறவள். திலகவதி காய் நறுக்குகிறவள், திருவதிகையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறாள். ஷப்னம் பாத்திரம் கழுவுகிறவள், பண்ருட்டிக்காரி, நால்வரில் இளையவள். நான்கு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

எங்கள் சமையல்கட்டுக்குள் செல்போன் கூடாது. கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும், ஷிப்ட் முடிந்தால்தான் திரும்பக் கைக்கு வரும். கூப்பன் கவுண்டர் கேட்டுக்கு வெளியே இருப்பதால் உமாராணிக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களோடு வேலை பார்த்த கனகத்துக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. போன் பெட்டிக்குள் கிடந்து அடித்து ஓய்ந்தது. மறுநாள் அவள் போய் நின்றபோது அவள் இடத்துக்கு அடுத்த ஆளை எடுத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கே நாங்கள் முடிவு செய்தோம். அதற்குப் பிறகு எந்த விண்ணப்பத்திலும் எங்கள் நம்பரை எழுதியதில்லை. நால்வருக்கும் உமாராணியின் நம்பர்தான். எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று எங்களையே நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

ஆபீஸ் என்றால் பர்மனென்ட் லிஸ்ட் வைத்திருக்கும் ஆபீஸ். கான்ட்ராக்டில் இருப்பவர்களைச் சேர்ந்த தேதிப்படி வரிசை போட்டு, இடம் காலியாகும்போது மேலிருந்து எடுப்பார்கள். லிஸ்டில் நானூற்றுச் சொச்சம் பெயர். இத்தனை வருஷத்தில் நகர்ந்து நகர்ந்து நான் முப்பத்தொன்றுக்கு வந்திருந்தேன். உமாராணி முப்பத்திரண்டு. மற்ற இருவரும் நூறைத் தாண்டி எங்கேயோ இருந்தார்கள்.

பர்மனென்ட் ஆனால் என்ன கிடைக்கும் என்று நெய்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குவார்ட்டர்ஸ் கிடைக்கும், இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும், ஆஸ்பத்திரிக்குப் போனால் கார்டைக் காட்டினால் போதும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் வேலை இருக்குமா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கேன்டீன் பஸ் இருபதாம் பிளாக் குவார்ட்டர்ஸ் வழியாகப் போகும்போது நான் ஒரு வீட்டை எனக்கென்று பொறுக்கி வைத்திருந்தேன். வாசலில் வேப்பமரம், பின்னால் துவைக்கிற கல். அதில் யாரோ குடியிருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை.

சர்ட்டிபிகேட் சரிபார்க்க வரச்சொல்லி இதுவரை ஆறு தடவை தேதி வந்தது. ஆறு தடவையும் தள்ளிப்போனது. முதல் தடவை புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன், ஆபீசர் லீவு என்றார்கள். இரண்டாம் தடவை தேர்தல். மூன்றாம் தடவை யாரோ கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் காரணம்கூடச் சொல்லவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதையும் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது, இப்போதெல்லாம் மெசேஜ்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தீவுக்குப் போகலாம் என்று திலகவதி ஆரம்பித்தாள். போனில் அந்தமான் கடலைப் பார்த்துவிட்டு, செத்தால் அங்கே போய்விட்டுத்தான் சாவேன் என்றாள். விலை கேட்டதும் அவளே வாயை மூடிக்கொண்டாள். பண்ருட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிராவல்ஸில் நால்வருக்கான ராமேஸ்வரம் பேக்கேஜ் போட்டிருந்தார்கள்: ரயில், ஒரே ரூம், இரண்டு ராத்திரி. நான்கு பேருக்குக் குறைந்தால் கிடையாது.

"சுத்தி தண்ணி இருந்தா தீவுதான? ராமேஸ்வரமும் தீவுதான்டி" என்றாள் உமாராணி.

அவளுக்கு இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளிக்க வேண்டும். திலகவதிக்குத் தனுஷ்கோடியில் கடல் இரண்டும் சேருகிற இடத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். ஷப்னத்துக்கு மீன் வேண்டும். தான் ஆயாமல், தான் வறுக்காமல், சாப்பிட்ட தட்டைத் தான் கழுவாமல் ஒரு முழு மீன்.

"ஒக்காந்துகினு சாப்பிடணும்க்கா. தட்ட அப்டியே வுட்டுட்டு எழுந்து வரணும்" என்று அவள் சொன்னபோது கண் மின்னியது.

எனக்குத் தூங்க வேண்டும். விடிந்து, வெயில் ஏறி, ஜன்னல் சுடுகிற வரைக்கும் தூங்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். இதற்கு ராமேஸ்வரம் எதற்கு, வீட்டிலேயே தூங்கேன் என்று என் வீட்டுக்காரர் சிங்காரவேல் கேட்டார். வீட்டில் யாராவது என்னைத் தூங்கவிட்டிருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார்.

திலகவதியின் புருஷன், சரிதா வந்தால் அனுப்புகிறேன் என்றான். ஷப்னத்தின் மாமியார் தாஜ் பீவியும் அதையேதான் சொன்னார். கோபக்காரி கூட இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. போகும் வாரம் உமாராணி என்னிடம் இரண்டு தடவை, "நீ கண்டிப்பா வர்ற இல்ல?" என்று கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது கரண்டியைக் காட்டினேன்.

விருத்தாசலத்தில் ரயில் ஏறி, செவ்வாய்க்கிழமை காலை பாலத்தைத் தாண்டினோம். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கடல் மட்டும் தெரிந்தபோது நான்கு பேரும் ஒரே ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டோம். அந்த ஒற்றுமை ஸ்டேஷன் வரைக்கும்தான். இறங்கியதும் சண்டை ஆரம்பித்தது. தனுஷ்கோடி முதலில் என்றாள் ஒருத்தி, சாப்பாடு முதலில் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் ரூமில் பை வைத்துவிட்டு அன்று பகல் முழுக்க ஷப்னத்துக்கு மீன் தேடி அலைந்தோம். கோயில் பக்கத்தில் எல்லாமே சைவம். வெகுதூரம் நடந்து ஒரு கடையைப் பிடித்தோம். அவள் சாப்பிட்டு முடித்து, பழக்கத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். மூன்று பேரும் சேர்ந்து அவளை உட்கார வைத்தோம்.

புதன்கிழமை விடியற்காலை நாலரைக்கு உமாராணி என்னை உலுக்கினாள். ஸ்படிக லிங்க தரிசனம் ஐந்து மணிக்காம். நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒரு தடவை கலைந்த தூக்கம் எனக்குத் திரும்ப வராது. உடம்பு இட்லிக்குப் பழகிய உடம்பு. ஆக நான் கேட்ட ஒரே விஷயமும் போயிற்று. அந்த எரிச்சலில் நான் தரிசனத்துக்கும் போகவில்லை, ஒன்பது மணிக்குத் தீர்த்தத்துக்குக் கிளம்பியபோதும் வரமாட்டேன் என்றேன்.

"சரி, நீ வெளிய ஒக்காந்து பையப் பாத்துக்க. உள்ள போன் வுட மாட்டாங்க, இதையும் வச்சிக்க" என்று உமாராணி தன் போனை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். திலகவதியும் அவளோடு போனாள். இருபத்திரண்டு கிணறு முடிந்ததும் தனுஷ்கோடி என்று உமாராணி அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

நானும் ஷப்னமும் கோயிலுக்கு எதிரே ஒரு கடை நிழலில் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். நனைந்த கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தரையில் போட்டிருந்த கல்லெல்லாம் ஈரம். ஷப்னம் வாங்கி வந்த சுண்டலில் பாதி தின்றிருப்பேன், உமாராணியின் போன் அடித்தது. நெய்வேலி லேண்ட்லைன் நம்பர். கேன்டீனிலிருந்து யாரோ என்று நினைத்து எடுத்தேன்.

"ஹலோ, சரிதாங்களா?"

என் பெயரைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஆமாங்க" என்றேன்.

"லிஸ்ட் செக்‌ஷன்ல இருந்து அருண்ராஜ் பேசறேன். பத்து மணிக்கு உங்களுக்கு சர்ட்டிபிகேட் வெரிபிகேஷன். இப்ப பத்தே முக்கால் ஆவுது, உங்க பேர ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு. எங்க இருக்கீங்க?"

"எனக்கா?"

"முப்பத்தொண்ணு சரிதா நீங்கதான? எட்டாம் தேதியே மெசேஜ் போயிருக்கு. திங்கக்கிழமை நானே போன் பண்ணேன், சொல்லிடறேன்னு ஒரு லேடி சொன்னாங்க. வந்துகிட்டு இருக்கீங்களா இல்லையா?"

கேன்டீனில் பஸ் தவறினாலும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், நாங்கள் எல்லாரும் சூப்பர்வைசருக்குச் சொல்கிற ஒரு பதில் உண்டு. அது தானாக என் வாயிலிருந்து வந்தது. "வந்துகினு இருக்கேன் சார்."

"சீக்கிரம் வாங்க. அஞ்சு மணிக்கு மூடிடுவோம். இந்தத் தடவ தள்ளி வைக்கறதெல்லாம் கிடையாது, மேல இருந்து ஆர்டர். வரலன்னா உங்க பேரு லிஸ்ட் கடைசிக்குப் போயிடும், அடுத்த ஆள எடுத்துடுவாங்க. சொல்லலன்னு சொல்லக்கூடாது."

போன் நின்றுவிட்டது. நான் அதைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து நெய்வேலிக்கு எட்டு மணி நேரம். பறந்து போனாலும் என்று ஒரு கணக்கை மனசு போட்டுப் பார்த்தது. பறப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எதிரே ஒரு அம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் துவட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டல் மடியில் கொட்டிக் கிடந்ததை ஷப்னம் சொல்லித்தான் பார்த்தேன்.

"யாருக்கா போன்ல? ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. எட்டாம் தேதி மெசேஜ். இன்று பதினேழு. ஒன்பது நாளாக உமாராணி என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துத் தின்றிருக்கிறாள். கண்டிப்பாக வருவாயா என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள். முப்பத்தொன்று நான். நான் போகாவிட்டால் அடுத்த ஆள். அடுத்த ஆள் யார்?

"முப்பத்திரண்டு" என்றேன்.

"என்னக்கா?"

"எனக்கு அடுத்த பேரு அவளோடது. அதுக்குத்தான்டி என்ன இவ்ளோ தூரம் இழுத்துகினு வந்திருக்கா."

ஷப்னம் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் உட்கார முடியவில்லை. அந்தக் கல்தரையில் இப்படியும் அப்படியுமாக நடந்தேன். பதினோரு வருஷம். பதினோரு வருஷ இட்லி. வேப்பமரத்து வீடு, துவைக்கிற கல், எல்லாம் போயிற்று. அதைக் கொண்டுபோனது என் உமாக்கா.

அரை மணி நேரம் கழித்து உமாராணி திலகவதியோடு வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, குளிரில் பல் தந்தியடிக்க, சிரித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"இருவத்திரண்டும் முடிச்சிட்டேன்டி! ஒவ்வொரு கெணத்துலயும் ஒவ்வொரு ருசி தண்ணி..."

"மெசேஜ் வந்துச்சா?" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. இல்லை என்பாள், என்ன மெசேஜ் என்பாள், சத்தியம் செய்வாள் என்று நினைத்தேன். மறுத்துப் பேச நான் வரிசையாக வார்த்தை வைத்திருந்தேன்.

"வந்துச்சி" என்றாள்.

"திங்கக்கிழமை போன்?"

"அதுவும் வந்துச்சி."

இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, விழ வேண்டும் என்றும் நினைக்கவில்லை. என் கண் முன்னால் அவள் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் தோன்றியது. ஈரக் கல், ஈரப் புடவை. வழுக்கி விழுந்து, வலது கையை ஊன்றினாள். கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திலகவதி அலறினாள். உமாராணி அலறவில்லை. தன் மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருப்பதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

கூட்டம் கூடியது. யாரோ சோடா வாங்கி வந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நானா செய்தேன் என்று என் கையைப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கைக்குள் அவள் போன் மறுபடி அடித்தது. அதே நம்பர்.

உமாராணி கீழே உட்கார்ந்தபடியே நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஸ்பீக்கர்ல போடு. அது எனக்கு" என்றாள்.

போட்டேன்.

"ஹலோ, முப்பத்திரண்டு உமாராணிங்களா? இதே நம்பர்தான் முப்பத்தொண்ணுக்கும் இருக்கு. ரெண்டு பேருக்கும் இன்னிக்குத்தான் வெரிபிகேஷன், ரெண்டு பேரும் வரல. என்னம்மா நினைச்சிகிட்டு இருக்கீங்க?"

நான் குனிந்து போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"சார், இங்க ஒருத்தங்க கீழ விழுந்து கை ஒடஞ்சிடுச்சி சார். ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் உமாராணி. வலியில் குரல் உடைந்தது.

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. "அடிபட்டிருந்தா ஆஸ்பத்திரி சீட்ட போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்க. இன்னிக்குத் தேதி இருக்கணும், அஞ்சு மணிக்குள்ள வரணும். ஒரு வாரம் டைம் குடுப்பாங்க. யாருக்கு அடிபட்டுச்சோ அவங்க பேருக்கு மட்டும்தான். கூடப் போனவங்களுக்கெல்லாம் கிடையாது, ஆமா."

பிறகு எங்களை ஆட்டோவில் ஏற்றினார்கள். திலகவதியும் ஷப்னமும் பைகளோடு பின்னால் இன்னொரு ஆட்டோவில் வந்தார்கள். என் மடியில் உமாராணியின் ஒடிந்த கை. துண்டால் சுற்றி, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்தாள்.

"உனக்குமா?" என்று கேட்டேன்.

இடது கட்டைவிரலால் போனைத் திறந்து என்னிடம் நீட்டினாள். எட்டாம் தேதி, காலை பதினொன்று பத்து. இரண்டு மெசேஜ், ஒன்றன் கீழ் ஒன்று. முதலில் அவள் பெயர், அப்புறம் என் பெயர். ஒரே தேதி, ஒரே நேரம். என் இடத்துக்காக அவள் என்னை ஏமாற்றியிருந்தால் எனக்கு அது விளங்கியிருக்கும். திட்டலாம், சாபம் விடலாம், ஊர் முழுக்கச் சொல்லலாம். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன்க்கா?"

"எத்தன தடவடி கூப்ட்டாங்க? ஆறு தடவ. ஒரு தடவையாவது சொன்ன தேதில நடந்துச்சா? மெசேஜ் வந்தப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சி. இதுவும் தள்ளிப்போவும், நாம போயி அந்த வராண்டால நின்னுட்டு வூட்டுக்கு வரப்போறோம்னு நெனச்சேன். சொன்னா நீ நிச்சயம் டூருக்கு வர மாட்ட. நீ வரலன்னா திலகாவ அவ புருஷன் அனுப்ப மாட்டான், ஷப்னத்த அவ மாமியா வுடாது. நாலு பேரு இல்லன்னா பேக்கேஜே கிடையாது." மூச்சு வாங்கினாள். "அவங்க சொல்ற தேதிக்காவ எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குப் போவல. எங்கம்மா காரியத்துக்கு ஒரு நாள்தான் இருந்தேன். இந்த ஒண்ணையாவது எனக்குன்னு வச்சிக்கலாம்னு பாத்தேன்."

"திங்கக்கிழமை போன் பண்ணாங்களே, அப்பவாவது?"

"அப்ப பயமாத்தான் இருந்துச்சி. எப்பவும் போன் பண்ண மாட்டாங்களே, இந்தத் தடவ பண்றாங்களேன்னு. ஆனா ஒரு வாரமா சொல்லாதத அன்னிக்கி எப்டிச் சொல்றது? நீ துணிலாம் மடிச்சி வச்சிட்ட."

பைத்தியக்காரி என்று கத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். கத்திவிட்டு அழுதேன். பயமாக இருந்தது. ஏனென்றால் அந்த எட்டாம் தேதி அந்த மெசேஜ் எனக்கே வந்திருந்தாலும் நான் முதலில் சிரித்திருப்பேன். ஆனால் போயிருப்பேன். புடவையை இஸ்திரி போட்டு, பைலை எடுத்துக்கொண்டு, ஏழாம் தடவையாகப் போய் அந்த வராண்டாவில் நின்றிருப்பேன். அவள் என்னைப் போக விடவில்லை. அதையும் மன்னிக்க முடியவில்லை, அந்தக் கையையும் கீழே வைக்க முடியவில்லை.

"ஒனக்குச் சீட்டு கிடைக்கும். ஒரு வாரம் டைம் குடுப்பாங்க. நீ பர்மனென்ட் ஆயிடுவ" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நான் தள்ளியதால் அவளுக்கு வேலை. ஒன்றும் ஆகாமல் நின்ற எனக்கு நானூற்றுச் சொச்சத்துக்குப் பின்னால் ஒரு இடம். இன்னும் எத்தனை வருஷம் இட்லி ஊற்றினால் அங்கிருந்து மேலே வருவேன் என்று மனசு கணக்குப் போட்டது. நான் உயிரோடு இருக்கிற கணக்கில் அது அடங்கவில்லை.

உமாராணி கண்ணை மூடிக்கொண்டாள். வலி என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற ஜன்னலுக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். கையைப் பார்த்ததும் வழி விட்டார்கள். உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் பேனாவை எடுத்தார். நான் உமாராணியைத் தாங்கிப் பிடித்திருந்தேன். எங்கள் பின்னால் ஷப்னமும் திலகவதியும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள்.

"என்னாச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன் சார். கோயில் வாசல்ல" என்றாள் உமாராணி.

"பேஷன்ட் பேரு?"

"சரிதா" என்றாள் அவள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். திலகவதி "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. உமாராணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"வயசு?"

"நாப்பத்திரண்டு." அது என் வயது.

"புருஷன் பேரு?"

"சிங்காரவேல். ஊரு நெய்வேலி."

ஒடியாத கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, என் காதுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்தபடி பேசினாள். "அடுத்த வாரம் கைல ஒரு கட்டக் கட்டிகினு போ. ஷப்னம் கட்டி வுடுவா. எனக்கு அது வரும்னு நம்பிக்கையே இல்லடி. நீதான் நம்பிகினு இருந்த."

இது தப்பு என்று சொல்ல வேண்டும். சார், அவங்க பேரு வேற, சரிதா நான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான், மூன்று வார்த்தை. கோபம் வந்தால் முந்நூறு வார்த்தை பேசுகிறவள் நான். அவள் என்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தருகிறாள், தன்னுடையதையும் சேர்த்துத் தருகிறாள், அதையும் நான் ஒடித்த கையோடு நின்று தருகிறாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் எழுதி முடித்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீங்க கூட வந்தவங்களா? உங்க பேரு என்னம்மா?"

"உமாராணி" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.